பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக் கடற்கரை ஓவியம்: ஒரு மதிப்பீடு

படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அகலம் இரண்டரை அடி, உயரம் ஒன்றே முக்கால் அடி. ஹார்ட்போர்டு பலகைமேல் வண்ணம். வலது ஓரத்தில் கடல் பக்கம் சாய்ந்த மூன்று தென்னை, அடியில் ஒரு கூரைக் குடிசை. நடுவில் அலையே இல்லாத பச்சைத் தண்ணீர், தூரத்தில் மெல்லிய வெள்ளை நுரைக்கோடு, அதற்கும் பின்னால் பச்சையாக ஒரு மலை. பாய் விரித்த படகு ஒன்று. சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தடித்த பழைய தேக்குச் சட்டம். சலூனிலும் பல் டாக்டர் அறையிலும் பிரியாணிக் கடையிலும் நாம் பார்த்துப் பழகிய அதே கடற்கரைதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு தலைமுறையாகத் தொங்கிய படம் இது. வீட்டை விற்க முடிவு செய்து, இரண்டு அண்ணன்களும் ஒரு தங்கையும் சாமான்களைப் பங்கு பிரித்தார்கள். ஊஞ்சல், தையல் மெஷின், பித்தளை அண்டா எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. படம் மட்டும் மாட்டிக்கொண்டது. காரணம் ஒரு தரகர். வீடு பார்க்க வந்தவர்களோடு வந்தவர், படத்தின் கீழ்மூலையில் இருந்த ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு, "கே.சி.எஸ். பணிக்கர் போட்டதாட்டம் இருக்குதே, பதினஞ்சு லட்சம் போகும், சும்மா வுட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை தங்கைக்கே போகட்டும் என்றிருந்த படம் அன்று மாலையிலிருந்து பொதுச் சொத்தாகிவிட்டது.

பழைய படங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கேட்டால் மதிப்பீடும் எழுதித் தருவேன். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, மதிப்பு எதற்காக வேண்டும் என்பதைத்தான். விற்பதற்கா, காப்பீட்டுக்கா, பாகப்பிரிவினைக்கா? மூன்றுக்கும் மூன்று தொகை வரும். காப்பீட்டுக்கு என்றால், போன பொருளுக்கு ஈடாக இன்னொன்று வாங்க ஆகும் செலவு. பங்கு பிரிக்க என்றால், அவசரமில்லாமல் விற்கிறவரும் விவரம் தெரிந்து வாங்குகிறவரும் ஒத்துப்போகும் விலை. தரகர் சொன்ன பதினைந்து லட்சம் இந்த இரண்டிலும் சேராது. அது இன்னாருடைய கை என்று நிரூபித்த பிறகு மட்டுமே பேசக்கூடிய விலை. ஆகவே இந்த வழக்கில் விலைக்கு முன்னால் பெயரைத் தீர்க்க வேண்டியிருந்தது.

தரகர் சொன்னதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் முடியாது. பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்து அங்கேயே முதல்வராகவும் இருந்தவர், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். இன்று பலருக்குத் தெரிந்திருப்பது எழுத்தும் குறியும் கலந்த அவருடைய பிற்காலப் படங்கள். ஆனால் ஆரம்பத்தில் நீர்வண்ணத்தில் கேரளத்துத் தென்னையையும் தண்ணீரையும் வரைந்தவர்தான். ஏலத்தில் அவர் படங்கள் லட்சங்களில் போகின்றன. தென்னை, தண்ணீர், 'கே', 'சி' என்று தொடங்கும் கையெழுத்து, சென்னை வீடு. அரைகுறையாக விஷயம் தெரிந்தவருக்கு இது போதும்.

முன்பக்கம்

பெரிய அண்ணன் வேறொரு நம்பிக்கையோடு இருந்தார். "இது நம்ம ராயபுரம் கரை சார். தாத்தா காலத்துல இவ்ளோ மணல் இருந்துச்சாம்." மணலை மட்டும் வைத்துப் பேசினால் அவரை மறுக்க முடியாது. சென்னைத் துறைமுகத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைப்பட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே பெரும்பாலும் கருங்கல் கொட்டிய கரைதான். பழைய ஆட்கள் மணலைப் பற்றிப் பேசுவதில் பொய் இல்லை.

ஆனால் படத்தில் இருக்கும் தண்ணீர் நம் தண்ணீர் கிடையாது. அலை தூரத்தில் உடைந்து, கரையோரம் குளம் மாதிரி அடங்கிக் கிடக்க வேண்டுமானால் நடுவில் பவளத்திட்டு வேண்டும். தமிழ்நாட்டில் அது மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பக்கம் இருக்கிறது, சென்னையில் இல்லை. இங்கே அலை நேராகக் கரையில் வந்து அடிக்கும். அதனால்தான் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் ஆழத்திலேயே நின்றுகொள்ள, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. ஆணி அடித்த படகாக இருந்தால் அந்த அலையில் பிளந்துவிடும். படத்திலிருக்கும் படகோ ஒரு பக்கம் துணைக்கட்டை நீட்டியது, நண்டுக் கொடுக்கு வடிவத்தில் பாய் விரித்தது. அது பசிபிக் தீவுகளின் படகு. செங்குத்தான பச்சை மலையும் அந்தத் தீவுகளுக்குரியதுதான். ராயபுரத்தில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் கடலுக்குமேல் மலை தெரியாது.

அப்படியானால் வரைந்தவர் அந்தத் தீவுக்குப் போனாரா? அதற்கான பதில் வானத்தில் இருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், மெல்லிசாக அடித்த வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடுகள் தெரிந்தன. குறுக்கும் நெடுக்குமாக, ஒழுங்கான சதுரங்கள். கட்டம் போட்டுப் பெரிதாக்கியிருக்கிறார். சின்னப் படத்தைப் பெரிய பரப்பில் ஏற்றுவதற்கு சினிமா பேனர் வரைகிறவர்கள் செய்த அதே முறை. முன்னால் வைத்துக்கொண்டது ஒரு அச்சுப் படம். அநேகமாக ஒரு காலண்டர். துறைமுகத்தை ஒட்டிய பேட்டைகளில் கப்பல் கம்பெனிக் காலண்டருக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஓர் இடத்தில் மட்டும் கட்டம் உதவவில்லை. இடது கீழ்ப்பக்கம், குடிசைக்கு எதிரே, கையளவு ஒரு கட்டுமரம். முதலில் பார்த்தபோது மிதக்கும் கட்டை என்று நினைக்கத் தோன்றும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மரங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. நடு மரம் நீண்டு முனை மேலே வளைந்திருக்கிறது, கயிற்றுக் கட்டு இரண்டு இடத்தில், அதுவும் சரியான இடத்தில். மேலே ஓர் ஆள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து துடுப்புப் போடுகிறான். படத்தின் மற்ற உருவங்கள் விறைத்து நிற்க, இந்த ஆளின் முதுகில் மட்டும் பாரம் தெரிகிறது. அடியில் பென்சில் சதுரங்கள் அதன் போக்கில் ஓடுகின்றன. கட்டுமரம் அவற்றைச் சட்டை செய்யவே இல்லை. காலண்டரில் இல்லாததை, பார்த்துப் பார்த்துக் கண்ணில் பதிந்ததை, நேரே தூரிகையால் போட்டிருக்கிறார். என் கணக்கில் இந்தப் படத்தில் ஓவியம் என்று சொல்லத் தக்கது இந்த நான்கு அங்குலம்தான். மற்றது நகல். தென்னைகூட நகல்தான், ஆனால் கை பழகிய நகல். ஒவ்வொரு ஓலையும் ஒரே இழுப்பு. தொடக்கத்தில் பட்டையாக இறங்கி, நுனியில் தூரிகையைத் திருப்பி மெலிந்து முடிகிறது. வாரயிறுதியில் ஆசைக்கு வரைகிறவர்களிடம் இந்த இழுப்பு வராது. அதே கை குடிசையின் நிழலில் தடுமாறுகிறது. சூரியன் கடலில் இருக்க, நிழலும் கடலை நோக்கியே விழுகிறது. தூரிகை பழகியவர், ஆனால் காட்சி வரைந்து பழகாதவர். இப்படி ஓர் ஆள் யார்?

வண்ணம் பாதி பதில் சொன்னது. ஓவியர்கள் டியூபிலிருந்து எடுக்கும் எண்ணெய் வண்ணத்தில் தூரிகை மயிரின் வரி அப்படியே நிற்கும். இது சமமாகப் படிந்து வழவழவென்று காய்ந்திருக்கிறது. சட்டத்துக்கு அடியில் மறைந்த ஓரத்தில் பஞ்சில் ஆல்கஹால் தொட்டு வைத்துப் பார்த்தேன், இளகவில்லை. ஆகவே அக்ரிலிக் இல்லை. டின்னில் விற்கும் எனாமல் பெயிண்ட். கதவுக்கும் படகுக்கும் கடைப் பலகைக்கும் அடிப்பது.

மீதிப் பதில் கையெழுத்தில். சட்டத்தின் உதடு கீழ்ப்பகுதியை மறைத்ததால் 'கே', 'சி' என்ற இரண்டு எழுத்தும் மூன்றாவதின் மேல்வளைவும்தான் தெரிந்தன. அந்த வளைவை 'எஸ்' என்று படித்துவிட்டார் தரகர். எனக்கு முதலில் அவர் மேலேயே சந்தேகம். யாராவது பிற்பாடு எழுதியிருக்கலாம். புற ஊதா விளக்கில் பார்த்தபோது படம் முழுக்கப் பூசியிருந்த பழைய வார்னிஷ் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்ந்தது, எழுத்து அந்தப் படலத்துக்கு அடியில் இருந்தது. வண்ணத்தில் விழுந்திருந்த வெடிப்பு எழுத்தையும் சேர்த்தே பிளந்திருந்தது. பிற்பாடு எழுதியிருந்தால் வண்ணம் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். ஆக எழுத்து அசல். ஆனால் அதைக் கையெழுத்து என்றே சொல்ல முடியாது. இரண்டு எழுத்தும் ஒரே உயரம், ஒரே தடிமன், ஓரங்கள் பட்டைத் தூரிகையால் வெட்டியது போல நேர். மேலும் கீழும் எழுத்தை நிறுத்த இழுத்த பென்சில் கோடுகூட அழியாமல் இருந்தது. ஓவியர் தன் பெயரைக் கிறுக்குவார். இவர் எழுதியிருக்கிறார்.

பின்பக்கமும் சட்டத்துக்குள்ளும்

பலகைக்குப் பின்னால் தூசி புகாமல் இருக்க ஃப்ரேம் கடைக்காரர் பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தார். தேதி இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. ஆனால் ஒரு சோப்பு விளம்பரத்தில் விலை 'நயா பைசா'வில் இருந்தது. 1957 ஏப்ரல் 1-ல் தசம நாணயம் வந்தபோது புழக்கத்துக்கு வந்த அந்தப் பெயரிலிருந்து 'நயா' 1964 ஜூனில் கழன்றது. அப்போ தாள் இந்த ஏழு ஆண்டுக்குள். கடைச் சீட்டில் முகவரி 'மெட்ராஸ்-21' என்று முடிகிறது, ஆறு இலக்கப் பின்கோடு இல்லை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. பழைய சீட்டுக் கட்டு தீரும்வரை கடைக்காரர் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் இது துணைச் சான்று மட்டும்தான். பழைய தாளும் எடைக்கு வாங்கியதாக இருக்கலாம். ஆகவே அறிக்கையில் 'அறுபதுகள், பெரும்பாலும் முற்பகுதி' என்றுதான் எழுதினேன்.

சட்டத்தைக் கழற்ற மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பங்குச் சண்டை நடக்கும் வீட்டில் ஒரு ஆணியைக்கூட ஒருவர் பேச்சைக் கேட்டுப் பிடுங்கக் கூடாது. உப்புக் காற்றில் ஆணிகள் துருப்பிடித்து மரத்தோடு மரமாகியிருந்தன. பலகை வெளியே வந்ததும் நான்கு ஓரமும் அரை அங்குலத்துக்கு வேறு படமாக இருந்தது. நாம் வெளிறிய மஞ்சள் வானம் என்று பார்த்துக்கொண்டிருந்தது அங்கே செக்கச்சிவந்த அந்தி. கடலும் பச்சை இல்லை, நல்ல நீலம். மஞ்சளித்த வார்னிஷும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து அதைப் பச்சையாக்கியிருந்தன. வெளிச்சம் படாத அந்தப் பட்டை சட்டத்தின் உதட்டோடு அச்சாகப் பொருந்தியதால், படம் முதலிலிருந்தே இந்தச் சட்டத்தில்தான் இருந்தது என்றும் தெரிந்தது. செய்தித்தாள் சொன்ன காலம் படத்துக்கும் செல்லும்.

கீழ் ஓரத்தில் மூன்றாவது எழுத்து முழுதாக வந்தது. 'எஸ்' இல்லை. அதற்குக் கீழே, அரிசி உயரத்தில், ஆனால் அதே ஒழுங்கோடு ஒரு சொல்: 'ஆர்ட்ஸ்'.

நம் ஊரில் கடைப் பலகை பார்த்து வளர்ந்த யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பெயரோ எழுத்தோ போட்டு 'ஆர்ட்ஸ்' என்று மூலையில் முடிப்பது போர்டு எழுதுகிறவர்களின் வழக்கம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து அவர்களைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. சின்னவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

எழுத்துகளைத் தங்கை படித்துக் காட்டியதும், திருவொற்றியூரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டார்கள். எண்பதைத் தாண்டியவர். "அது நம்ம கடைசி போர்ஷன்ல குடியிருந்த போர்டுக்காரரு போட்டதுடி. உங்க நைனா கல்யாணத்துக்கு மொய் எழுதக் காசில்லன்னு இத்த குடுத்தாரு. இத்தினி நாளா என்னைய யாரு கேட்டீங்க?" வீடு அப்போது ஒண்டுக்குடித்தனமாக இருந்ததாம். வாய்ச்சொல்லை மட்டும் வைத்து நான் அறிக்கை எழுதுவதில்லை. அன்பளிப்பு, பெரிய மனிதர் வந்து போனது என்று குடும்பங்களில் கதைகள் வளர்ந்துகொண்டே போகும். இங்கே அத்தை தானாகச் சொன்ன பெயரின் முதலெழுத்துகள் படத்தோடு ஒத்தன. கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தார்கள், அதிலிருந்த வருடம் நயா பைசா காலத்துக்குள் விழுந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியாத சான்றுகள் என்பதால் ஏற்றுக்கொண்டேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை; பேரப்பிள்ளைகள் வடசென்னையில் எங்காவது இருப்பார்கள்.

தொகை

பாகப்பிரிவினைக்கான மதிப்பாக நான் எழுதியது: ஓவியம் ரூ. 3,500, சட்டம் ரூ. 5,000. சட்டம் பர்மா தேக்கு, நாலு மூலையும் உளி வேலை, பூச்சியே தொடவில்லை. வால்டாக்ஸ் ரோடு மரக்கடைக்காரர் யாரும் அதைத் தூக்கிப் பார்த்தவுடன் விலை சொல்வார். படத்தைவிடச் சட்டம் விலை கூடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். கேட்பவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அடிவயிற்றில் பிசைகிறது.

ஓவியத்துக்கு 3,500 எப்படி வந்தது? பெயர் இல்லாத கைக்கு ஏலக் கணக்கு கிடையாது. இதே அளவில் கையால் வரைந்த அலங்காரக் கடற்கரைப் படம் இன்று புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்தேன். பலகையின் இடது கீழ்மூலை ஈரத்தில் ஊதி, வண்ணம் உதிர்வதற்குக் கழித்தேன். பழமைக்கும் ஒழுங்கான பூர்வீகத்துக்கும் கொஞ்சம் கூட்டினேன். கைவேலைப் பெயர்ப்பலகைகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தேடுவது எழுத்தை, தென்னையை இல்லை. இவர் எழுதிய கடைப் பலகை ஒன்று எங்காவது பிழைத்திருந்தால் அதற்கு இந்தப் படத்தைவிட நல்ல விலை கிடைக்கும் என்பது என் எண்ணம். கட்டுமரத்துக்கு நான் தனியாக எதுவும் கூட்டவில்லை. கூட்ட ஆசையாக இருந்தது. ஆனால் சந்தையில் அதற்கு ஆள் காட்ட முடியாதபோது என் ரசனையை யார் பங்கிலும் கழிக்க எனக்கு உரிமை இல்லை.

சின்னவரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார், கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய ஓவியம் தொல்பொருள். ரவி வர்மா, அம்ரிதா ஷேர்-கில் போலச் சிலரின் படங்கள் வயது எதுவானாலும் நாட்டைவிட்டுப் போகக் கூடாது. இது இரண்டிலும் வராது. விமான நிலையத்தில் கேள்வி வருமென்று பயமிருந்தால் இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

வார்னிஷை எடுத்துச் சுத்தம் செய்ய என் கூலியே படத்தின் விலையைப்போல இரண்டு மடங்கு வரும். விற்பதற்காகச் செய்வதாக இருந்தால் வேண்டாம் என்றேன். அதைவிட முக்கியம், யாரும் வீட்டில் கை வைக்கக் கூடாது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று வரும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். மாவு வெடிப்புக்குள் இறங்கி, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த பிறகு என்னிடம் எடுத்து வருகிறார்கள்.

கடைசி நாள் பெரியவர் தனியாக ஒரு கேள்வி கேட்டார். தரகர் திரும்பவும் பேசியிருக்கிறார்: "அந்த அரை இஞ்ச கீழ அறுத்துட்டா?" அதற்குத்தான் சட்டம் கழற்றிய நிலையில் நான்கு ஓரமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, மூன்று பிரதியாக, ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். அறுத்து விற்றால் அது மோசடி, உங்கள் தம்பியிடமும் தங்கையிடமும் சாட்சி இருக்கிறது என்று சொன்னேன். "நான் சும்மா கேட்டேன் சார்" என்றார். சும்மா கேட்டிருக்கவும் கூடும்.

படமும் சட்டமும் பிரியாமல் தங்கைக்குப் போவது என்றும், அண்ணன்கள் பங்குக்கு உரிய தொகையை அவர் கொடுத்துவிடுவது என்றும் முடிவானது. சின்னவர் தன் பங்கை வாங்கிக்கொள்ளவில்லை. மாதவரம் ஃப்ளாட்டில் மாட்ட இடம் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெயில் நேரே விழும் பால்கனிச் சுவரும், மறுபக்கம் குளியலறை இருக்கும் சுவரும் வேண்டாம் என்றேன். ஊதிய மூலையில் வண்ணம் மேலும் உதிராமல் இருக்கப் பசை வைத்து அழுத்தி, பலகைக்குக் காற்றுப் போக சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினேன். அந்த வேலைக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டேன்.